பென் டிரைவைச் செருகினால் பழைய கணினி வேகமாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர் ஒருவர் சிறிய ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரு பழைய விண்டோஸ் 7 கணினி. அதன் பின்பக்கத்தில் பல ஆண்டுகளாக ஒரு பென் டிரைவ் செருகியே கிடக்கிறது. "அதைத் தொடாதே, அதில்தான் கம்ப்யூட்டரின் வேகமே இருக்கிறது" என்பார். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, கொஞ்சம் நம்பிக்கையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னிடம் பலர் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பென் டிரைவைச் செருகினால் கணினி வேகமாகும் என்கிறார்களே, உண்மையா?

சில கணினிகளில் உண்மை. ரேம் குறைவாக இருந்து, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வித்தியாசம் வரலாம். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும், சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) பொருத்திய கணினியில் ஒன்றும் நடக்காது. போதுமான ரேம் உள்ள கணினியில் ஏதாவது நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

சும்மா செருகினால் மட்டும் எந்தக் கணினியிலும் எதுவும் ஆகாது. விண்டோஸில் 'ரெடிபூஸ்ட்' என்ற வசதியை இயக்க வேண்டும். 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் இதை அறிமுகப்படுத்தியது. விஸ்டாவின் குறைந்தபட்சத் தேவை 512 எம்பி ரேம். அந்த அளவில் விஸ்டாவை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு வசதி ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பென் டிரைவ் ரேமாக மாறிவிடுகிறதா?

இல்லை. எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது, அதற்குப் பாதிக் காரணம் 'மெமரி' என்ற சொல். நம் ஊரில் ரேமும் மெமரிதான், மெமரி கார்டும் மெமரிதான், கைப்பேசியில் படங்கள் நிறைந்துவிட்டாலும் "மெமரி ஃபுல்" என்றுதான் சொல்கிறோம். ஆகவே 8 ஜிபி பென் டிரைவைச் செருகினால் 8 ஜிபி ரேம் கூடும் என்று ஒருவர் நினைப்பதில் வியப்பில்லை.

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ரேம் என்பது அடுப்பு மேடை. வெட்டுவதும் அரைப்பதும் கிளறுவதும் அங்கேதான் நடக்கும். ஹார்ட் டிஸ்க் என்பது பரண். எல்லாம் அங்கே இருக்கும், ஆனால் ஏணி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். மேடை சிறியது என்றால் எதையாவது மேலே ஏற்றிவிட்டு வேறு எதையாவது இறக்கிக்கொண்டே இருப்பீர்கள், சமையல் நகராது. ரெடிபூஸ்ட் செய்வதெல்லாம், அடிக்கடி தேவைப்படும் சின்னச் சின்னப் பொருள்களைக் கைக்கெட்டும் அஞ்சறைப்பெட்டியில் வைப்பதுதான். மேடை ஓர் அங்குலம்கூடப் பெரிதாகவில்லை, பரண் ஏறும் தடவைகள்தான் குறைகின்றன. கணினியில் ரேம் எவ்வளவு என்று பார்த்தால், பென் டிரைவைச் செருகும் முன் காட்டிய அதே எண்ணைத்தான் செருகிய பின்னும் காட்டும்.

ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படிக்கிறது, என் யூஎஸ்பி 2.0 பென் டிரைவ் 30 எம்பி தாண்டுவதில்லை. மெதுவானது வேகமானதற்கு எப்படி உதவும்?

எனக்கு வந்த கேள்விகளில் மிகவும் பிடித்தது இதுதான். ரெடிபூஸ்டின் சூட்சுமம் முழுவதும் இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் 100 எம்பி என்பது ஹார்ட் டிஸ்க் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். ஒரு பெரிய திரைப்படக் கோப்பை நகலெடுக்கும்போது அது கிடைக்கும். ஆனால் ஒரு மென்பொருளைத் திறக்கும்போது கணினி அப்படிப் படிப்பதில்லை. இங்கே 4 கேபி, அங்கே 4 கேபி, இன்னொரு மூலையில் 16 கேபி என்று சிதறிய துண்டுகளை நூற்றுக்கணக்கில் கேட்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஹார்ட் டிஸ்கின் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தேவையான பகுதி சுழன்று அந்தக் கைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மடிக்கணினிகளில் உள்ள ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லிவிநாடி, சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, ஐந்தரை. கை நகரச் சுமார் 12 மில்லிவிநாடி சேர்த்தால் ஒரு துண்டுக்குப் பதினேழோ பதினெட்டோ ஆகிவிடும். அதாவது நொடிக்கு அறுபது துண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் நொடிக்கு 240 கேபி கூடத் தேறாது. 100 எம்பி என்று பெருமை பேசிய அதே வட்டுதான் இது.

பென் டிரைவில் நகரும் பாகமே இல்லை. எந்த மூலையில் இருக்கும் துண்டும் அதற்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான். ஒரு பென் டிரைவை ரெடிபூஸ்டுக்கு ஏற்றுக்கொள்ள விஸ்டா வைத்த தேர்வைப் பாருங்கள்: சிதறிய 4 கேபி துண்டுகளை நொடிக்கு 2.5 எம்பி வேகத்தில் படிக்க வேண்டும், சிதறிய 512 கேபி துண்டுகளை நொடிக்கு 1.75 எம்பி வேகத்தில் எழுத வேண்டும். 2.5 எம்பி என்பது கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் அது நொடிக்கு 640 துண்டுகள். நாம் மேலே போட்ட கணக்கில் ஹார்ட் டிஸ்க் எடுத்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

பெரிய தொடர்ச்சியான கோப்பு வந்தால் விண்டோஸ் பென் டிரைவைச் சீண்டாமல் நேராக ஹார்ட் டிஸ்கிடமே போய்விடும். அரிசி மூட்டையை யாரும் அஞ்சறைப்பெட்டியில் தேட மாட்டார்கள் அல்லவா?

என் கணினிக்கு இது பயன்படுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா. இரண்டாவது, ரேம் எவ்வளவு. ஹார்ட் டிஸ்க்கும் 1 அல்லது 2 ஜிபி ரேமும் என்றால் முயன்று பார்க்கலாம். 4 ஜிபி என்றால் பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதற்கு மேல் என்றால் பென் டிரைவை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னோர் அறிகுறியும் உண்டு. பிரவுசரிலிருந்து வேர்டுக்கு மாறும்போது திரை உறைந்து நின்று, ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மின்னினால், கணினி மேடைக்கும் பரணுக்கும் இடையே அல்லாடுகிறது என்று பொருள். அந்த நோய்க்கு ரெடிபூஸ்ட் ஒரு கைவைத்தியம். அந்த விளக்கு அமைதியாக இருக்கும்போதே கணினி திணறுகிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது: பிராசசர் பலவீனமாக இருக்கலாம், சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம், காற்றாடியில் தூசி அடைத்திருக்கலாம். அதற்கெல்லாம் எத்தனை பென் டிரைவ் செருகினாலும் பயனில்லை.

தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்கும் குறைந்த ரேமும் கொண்ட அந்தப் பழைய கணினிகள்தான் இந்த வைத்தியத்துக்குச் சரியான நோயாளிகள்.

சரி, எப்படி இயக்குவது?

1. பென் டிரைவில் உள்ள கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, அதை ஃபார்மட் செய்யுங்கள். 4 ஜிபிக்கு மேல் ஒதுக்கப் போகிறீர்கள் என்றால் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபாட் தேர்ந்தெடுங்கள். ஃபாட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ரெடிபூஸ்ட் தன் இருப்பு முழுவதையும், அதாவது தான் சேர்த்து வைக்கும் நகல்களை, ஒரே கோப்பாகத்தான் வைத்துக்கொள்கிறது.

2. 'கம்ப்யூட்டர்' சாளரத்தில் பென் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் 'ரெடிபூஸ்ட்' என்று ஒரு தாவல் தெரியும். முழுவதையும் ஒதுக்க 'டெடிகேட்', ஒரு பகுதியை மட்டும் ஒதுக்க 'யூஸ் திஸ் டிவைஸ்'.

3. அளவைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். 'ரெடிபூஸ்ட்' என்ற பெயரில் ஒரு பெரிய கோப்பு உருவாகும். அதை அழிக்க முயல வேண்டாம்.

இத்தனையும் செய்த மறுநொடியே கணினி பறக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எது அடிக்கடி தேவைப்படுகிறது என்பதைக் கவனித்து இருப்பை நிரப்புவது 'சூப்பர்ஃபெட்ச்' என்ற சேவை, விண்டோஸ் 10-இல் அதன் பெயர் 'சிஸ்மெயின்'. கணினியை வேகமாக்கும் யோசனை என்று சொல்லி இந்தச் சேவையை நிறுத்தச் சொல்லும் காணொளிகள் ஏராளம். அதைக் கேட்டு நிறுத்தியிருந்தால் ரெடிபூஸ்ட் வேலை செய்யாது. ஒருவர் இரண்டு யோசனைகளையும் ஒரே நாளில் பின்பற்றிவிட்டு, "எதுவும் மாறவில்லையே" என்று என்னிடம் வந்தார்.

எவ்வளவு இடம் ஒதுக்குவது?

ரேமின் அளவுக்குச் சமமாகத் தொடங்கி அதைப் போல இரண்டரை மடங்கு வரை என்பது வழக்கமான பரிந்துரை. 2 ஜிபி ரேம் என்றால் 2 முதல் 5 ஜிபி. விண்டோஸ் இதில் எழுதுவதைச் சுருக்கித்தான் வைக்கிறது. பெரும்பாலும் பாதியாகச் சுருங்கும், ஆகவே 4 ஜிபியில் ஏறக்குறைய 8 ஜிபி அளவுக்கான தரவு அடங்கும்.

விஸ்டாவில் 4 ஜிபிதான் உச்சவரம்பு, ஒரே ஒரு பென் டிரைவ்தான். விண்டோஸ் 7 அதை ஒரு சாதனத்துக்கு 32 ஜிபி, மொத்தம் எட்டுச் சாதனங்கள், 256 ஜிபி வரை என்று உயர்த்தியது. ஒரு பழைய கணினியில் எட்டுப் பென் டிரைவ் செருகியிருக்கும் காட்சியை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. அதற்குச் செலவாகும் பணத்தில் வாங்கக்கூடியது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் பென் டிரைவ் தகுதியற்றது என்கிறது கணினி. ஏன்?

மேலே சொன்ன வேகத் தேர்வில் அது தோற்றுவிட்டது. புதிய பென் டிரைவ் என்பதற்காகத் தேறிவிடும் என்று சொல்ல முடியாது. உறையில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம்தான், சிதறிய துண்டுகளை எப்படிக் கையாளும் என்று எந்த உறையும் சொல்வதில்லை. வேறொரு யூஎஸ்பி துளையில் செருகி மறுபடி சோதித்துப் பாருங்கள். நீட்டிப்புக் கம்பியோ யூஎஸ்பி ஹப்போ இடையில் இருந்தால் எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள்.

விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் வேக எண்களைத் திருத்தி எழுதி, தோற்ற பென் டிரைவைத் தேர்ச்சி பெற வைக்கும் வித்தை ஒன்று உலவுகிறது. விண்டோஸ் ஏமாறும், பென் டிரைவின் வேகம் ஏறாது. மதிப்பெண் பட்டியலைத் திருத்தியவன் பாடம் படித்தவன் ஆகிவிடுவானா?

வேலை நடக்கும்போது யாராவது பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால்?

ஒன்றும் ஆகாது. சமையலறை ஒப்புமை இங்கே சற்று உடைகிறது. அஞ்சறைப்பெட்டியில் போட்ட மிளகு பரணில் குறையும், ஆனால் ரெடிபூஸ்டில் இருப்பதெல்லாம் நகல் மட்டுமே. ஒவ்வொன்றின் மூலமும் ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருக்கிறது. பென் டிரைவ் காணாமல் போனால் விண்டோஸ் பேசாமல் ஹார்ட் டிஸ்கிலிருந்து படிக்கத் தொடங்கிவிடும்.

என் உறவினரின் கடையிலேயே இது நடந்தது. அவசரத்தில் வந்த வாடிக்கையாளர் ஒருவர் தன் பென் டிரைவுக்குப் பதிலாகப் பின்னால் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மாலை கடை அடைக்கும்போதுதான் அது காணாமல் போனதே தெரிந்தது. அன்று முழுவதும் கணினி வழக்கம் போலத்தான் ஓடியது. "பார்த்தீர்களா, அது இல்லாமலே ஓடியிருக்கிறது" என்றேன். "அதனால்தான் இன்று கூட்டம் நகரவே இல்லை" என்றார். மறுநாள் அந்த வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்ததும் முதல் வேலையாக அதைப் பழைய இடத்தில் செருகினார்.

அந்த வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்திருந்தால், கடையின் கோப்புகளைப் படித்திருக்க முடியுமா?

முடியாது. ரெடிபூஸ்ட் எழுதும் ஒவ்வொரு துண்டும் ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் பென் டிரைவுக்குப் போகிறது. விஸ்டாவின் வடிவமைப்பில் அதற்கான திறவுகோல் கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிதாக உருவாகும். எடுத்துப் போனவருக்குக் கிடைப்பது பொருளற்ற எழுத்துக் குவியல்.

இந்தக் காப்பு ரெடிபூஸ்ட் கோப்புக்கு மட்டும்தான். அதே பென் டிரைவின் மீதி இடத்தில் ஆதார் நகலோ வங்கி விவரமோ போட்டு வைத்திருந்தால் அதை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

கணினி ஆன் ஆவதற்கே ஐந்து நிமிடம் ஆகிறது. அதைக் குறைக்குமா?

அதற்கு இதை நம்பாதீர்கள். விஸ்டாவில் ஒவ்வொரு தொடக்கத்திலும் திறவுகோல் மாறுவதால் நேற்றைய இருப்பு இன்றைக்கு உதவாது, மறுபடி முதலிலிருந்து நிரம்ப வேண்டும். தொடக்க நேரத்தைக் குறைக்க, கணினி தொடங்கும்போது தாமாகவே திறந்துகொள்ளும் மென்பொருள்களின் பட்டியலைப் பார்த்து வேண்டாதவற்றை நிறுத்துங்கள். காசு செலவில்லாத இந்தக் காரியத்தின் பலன் அன்றைக்கே தெரியும்.

விளையாட்டும் காணொளித் தொகுப்பும் வேகமாகுமா?

ஆகாது. இவற்றுக்கு வேண்டியது பிராசசர், கிராஃபிக்ஸ் அட்டை, ரேம். இவற்றின் கோப்புகளும் பெரும்பாலும் அரிசி மூட்டை வகையைச் சேர்ந்தவை.

பென் டிரைவ் சீக்கிரம் பாழாகிவிடாதா?

ஃபிளாஷ் சில்லில் ஒவ்வோர் இடத்தையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு வரம்பு உண்டு. படிப்பதால் அப்படித் தேயாது. ரெடிபூஸ்ட் பெரும்பாலும் படிக்கிற வேலையைத்தான் செய்கிறது, எழுதுவதையும் கவனமாகத்தான் செய்கிறது. தாங்கள் ஏற்கும் பென் டிரைவ்கள் பத்தாண்டுகளுக்கு மேல் தாங்கும் என்று விஸ்டா காலத்தில் மைக்ரோசாஃப்ட் தரப்பில் சொன்னார்கள். மலிவான பென் டிரைவ்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் அது பாழானாலும் போவது பென் டிரைவ் மட்டுமே, கோப்புகள் அல்ல. ஒரே நிபந்தனை, குடும்பப் படங்களின் ஒரே பிரதி அந்தப் பென் டிரைவில் இருக்கக்கூடாது.

"இந்தக் கணினி போதுமான வேகத்தில் இருக்கிறது, ரெடிபூஸ்டால் கூடுதல் பலன் இருக்காது" என்று செய்தி வருகிறதே?

வாழ்த்துகள், உங்களிடம் எஸ்எஸ்டி இருக்கிறது. அதன் பதில் நேரம் ஒரு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும், பென் டிரைவைவிட அதுவே வேகமானது. அதனால்தான் விண்டோஸ் இந்த வசதியைத் தானே அணைத்துவிடுகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி-யில் செய்ய முடியுமா? லினக்ஸில்?

எக்ஸ்பி-யில் ரெடிபூஸ்ட் கிடையாது. அந்தக் குறையை நிரப்பப் பிற நிறுவனங்களின் மென்பொருள்கள் வந்தன. இன்று எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைப்பதே ஆபத்து, எனவே அதை வேகமாக்கும் யோசனைக்குள் நான் போகவில்லை.

லினக்ஸில் இதே பெயரில் எதுவும் இல்லை. பென் டிரைவை 'ஸ்வாப்' இடமாக ஒதுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல, இதைக் குழப்பிக்கொண்டால் விளைவு மோசமாக இருக்கும். ஸ்வாப்பில் இருப்பது நகல் அல்ல, ரேமிலிருந்து இறக்கி வைத்த ஒரே பிரதி. அதைப் பாதியில் பிடுங்கினால் திறந்திருக்கும் மென்பொருள்கள் சரியும், கணினியே நின்றுபோகலாம். அதிகமாக எழுதுவதால் பென் டிரைவும் விரைவில் தேயும். குறைந்த ரேம் உள்ள லினக்ஸ் கணினிக்கு 'இசட்ரேம்' நல்ல வழி. ரேமின் ஒரு பகுதியிலேயே தரவைச் சுருக்கி வைக்கும் ஏற்பாடு அது. எந்தச் சாதனமும் வாங்க வேண்டியதில்லை.

கைப்பேசியில் 'ரேம் பிளஸ்' என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுதானா?

தாய்வழிச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம், உடன்பிறப்பு அல்ல. கைப்பேசியின் உள்ளேயே இருக்கும் சேமிப்பகத்தில் சில ஜிபியை எடுத்து, உடனடியாகத் தேவைப்படாத செயலிகளை அங்கே இறக்கி வைக்கும் ஏற்பாடு அது. லினக்ஸ் ஸ்வாப்புக்குத்தான் நெருக்கம். விளம்பரத்தில் 8 + 8 ஜிபி என்று கூட்டிக் காட்டுவார்கள். அந்த இரண்டாவது எட்டு ரேம் அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

நடைபாதையில் 2 டிபி பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். உள்ளே இருப்பது சில ஜிபி மட்டுமே கொண்ட சில்லாக இருக்கும். கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதை நிரல் எழுதி மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவைத் தாண்டி எழுதத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும், அதற்குள் பழைய கோப்புகள் அழிந்திருக்கும். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸில் 'எஃப்3' போன்ற இலவசக் கருவிகளைக் கொண்டு சோதிக்கலாம். அவை முழு இடத்திலும் எழுதி, மறுபடி படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். பெரிய அளவுகளுக்கு இதற்குப் பல மணி நேரம் ஆகும்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. பென் டிரைவா, ரேமா, எஸ்எஸ்டியா?

விஸ்டா காலத்தில் வெளியான ஒரு சோதனையின் எண்களை இதற்கு நான் அடிக்கடி மேற்கோள் காட்டுவேன். 512 எம்பி ரேம் உள்ள கணினியில் ஒரு குறிப்பிட்ட செயலுக்கு 11.7 விநாடி ஆனது. 1 ஜிபி ரெடிபூஸ்ட் சேர்த்ததும் அது 2 விநாடியாகக் குறைந்தது. ரெடிபூஸ்டுக்கு இப்படி ஒரு நற்சான்றிதழ் வேறு கிடையாது. அடுத்து, ரெடிபூஸ்டை எடுத்துவிட்டு ரேமை 1 ஜிபியாக உயர்த்தினார்கள். 0.8 விநாடி.

கையில் சும்மா கிடக்கும் பென் டிரைவ் இருந்தால் செருகிப் பாருங்கள், நட்டமில்லை. காசு கொடுத்து வாங்குவதானால் பென் டிரைவுக்குக் கொடுக்காதீர்கள்.

ரேம் வாங்கும் முன் மூன்று விஷயங்கள். எந்த வகை என்று பாருங்கள். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தாது, மேசைக் கணினியின் ரேம் அட்டை மடிக்கணினிக்கும் பொருந்தாது. பழைய அட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது உத்தமம். இரண்டாவது, மதர்போர்டு எவ்வளவு வரை ஏற்கும் என்று பாருங்கள். மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள்: உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா? 32 பிட் விண்டோஸ் 7-இல் 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்குள்தான் பயன்படும், நடைமுறையில் அதற்கும் குறைவாகவே கிடைக்கும்.

என்னைக் கேட்டால், 4 ஜிபி ரேம் ஏற்கனவே இருந்தால் முதலில் எஸ்எஸ்டி. 2 ஜிபிக்குக் கீழே இருந்தால் முதலில் ரேம். பழைய மடிக்கணினிகளில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். நாலைந்து திருகாணிகள்தான் வேலை. பத்து வயதுக் கணினியில் ஒருவர் இதைச் செய்துவிட்டுப் "புதிது வாங்கியது போல இருக்கிறது" என்றால் அது மிகையல்ல. பரண் ஏணியே தேவையில்லாத வீடாகிவிடுகிறது.

யோசனை நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் இதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை?

யோசனை தோற்கவில்லை, அது தீர்க்க வந்த சிக்கல்தான் மறைந்துவிட்டது. ரேம் விலை இறங்கியது, எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்கின் இடத்தைப் பிடித்தது. விண்டோஸ் 11 குறைந்தபட்சமாகவே 4 ஜிபி ரேம் கேட்கிறது. ரெடிபூஸ்டுக்கு அங்கே வேலை இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதே பாதையில் போய்த் திரும்பியிருக்கின்றன. இன்டெல் 2007-இல் மடிக்கணினிகளுக்குள்ளேயே பொருத்தும் 'டர்போ மெமரி' என்ற சிறிய ஃபிளாஷ் அட்டையைக் கொண்டு வந்தது, அது பரவவில்லை. பத்தாண்டு கழித்து 2017-இல் அதே நிறுவனம் 16 ஜிபி, 32 ஜிபி அளவுகளில் 'ஆப்டேன் மெமரி' என்ற அட்டையை விற்றது. மெதுவான ஹார்ட் டிஸ்கின் முன்னால் வேகமான சிறிய இருப்பு ஒன்றை நிறுத்தும் அதே தந்திரம்தான், தொழில்நுட்பம் மட்டும் வேறு. மிக நல்ல சாதனம் அது. ஆனால் முழு எஸ்எஸ்டியே மலிவாகக் கிடைக்கும்போது அதை யார் வாங்குவார்கள்? 2022-இல் இன்டெல் ஆப்டேன் தொழிலையே மூடுவதாக அறிவித்தது.

இதற்கென்றே 32 ஜிபி பென் டிரைவ் வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வருத்தப்பட வேண்டாம், பழைய கணினிக்கு அதைவிட நல்ல வேலை அதில் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. இலகுவான லினக்ஸ் ஒன்றை அந்தப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் எதையும் அழிக்காமல், வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, தமிழ்த் தட்டச்சு வருகிறதா என்று ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் நிறுவிக்கொள்ளுங்கள், அதற்கு முன் ஹார்ட் டிஸ்கில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் வேறொரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.

ஜெராக்ஸ் கடைக் கணினிக்கு நானே ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுவிட்டேன். விண்டோஸ் இப்போது ரெடிபூஸ்டை ஏற்க மறுக்கிறது. பின்பக்கத்தில் அந்தப் பென் டிரைவ் மட்டும் இன்னும் செருகியபடியே இருக்கிறது.